உன் மெஷினில் மட்டும் ஓடிய கம்மாய்

என் செல்ல மாப்ள, என் தீராத எரிச்சலே, சேகரா,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் மேல் கோபமாக இருக்கிறேன். உன்னை எரித்துவிட்டு வந்த அன்று அழுதேன், அது வேறு. அதன் பிறகு உன் கேமை என் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேனே, அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கும் நீ யார் என்று தெரியட்டும். நீ கறம்பக்குடிப் பக்கம். நான் ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரை. பாலிடெக்னிக் படித்தபோது புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் ஒரே அறை. நீ என்னை மாமா என்பாய், நான் உன்னை மாப்ள என்பேன். நமக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம்.

படிப்பு முடிந்து நான் சார்ஜாவுக்கு நெட்வொர்க் வேலைக்குப் போனேன். நீ ஊர்ப்பக்கமே ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளரானாய். அங்கே மூலையில் கிடந்த பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒரு கேம் எழுதினாய். அதில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்தும் குறிகளும்தான். அலை போன்ற குறி தண்ணீர், கட்டம் போன்ற குறி கரை. மழை கொட்டக் கொட்ட மடைகளைத் திறந்தும் மூடியும் கரை உடையாமல் காப்பாற்ற வேண்டும். நம் பக்கத்தில் ஏரியைச் சொல்கிற ‘கம்மாய்’ என்ற பெயரையே வைத்தாய்.

நல்ல கேம்தான். ஆனால் அது உன் மெஷினில் மட்டும்தான் ஓடியது. நீ எழுதிய நிரலை எனக்கு அனுப்பினாய், அதை ஓடுகிற கேமாக மாற்ற முடியாமல் நான் சார்ஜாவிலிருந்து போனில் கத்தினேன். “மாப்ள, இங்க கம்பைலே ஆக மாட்டேங்குதுடா.”

“என் மெஷின்ல ஓடுதுல்ல மாமா? அப்பக் கோளாறு ஒன் மெஷின்லதான்.”

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். உனக்கு எல்லாமே சிரிப்புதான். நான் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்ட பிறகும் அதே பதில், அதே சிரிப்பு.

நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்னபோதும் சிரித்துக்கொண்டேதானே சொன்னாய்? ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். உன் பெண்டாட்டி செல்வராணியும் சொன்னாள். “வாயுதான் மாமா, ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்.” குடித்தாய். பிறகு நேரே வீட்டுக்குப் போகாமல் இரவு வரை அந்த மூலை மெஷினில் போய் உட்கார்ந்தாய். மறுநாள் காலையில் லேப்பைத் திறக்கப் போனவன், கதவருகிலேயே விழுந்தாய். நாற்பது வயதுகூட ஆகாதவனுக்குச் சோடாவா வைத்தியம்?

காரியம் முடிந்து நான் கிளம்பும்போது செல்வராணி வாசலில் நின்று கேட்டாள். “அண்ணே, அவுக அந்த லேப்புல ஒக்காந்து என்னதாண்ணே பண்ணுனாக? கேம்னு சொல்லுவாக. நான் பாத்ததே இல்ல. ஒரு தடவ கண்ணுல காட்டுங்க.”

வீட்டில் உனக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. இத்தனை வருஷத்தில் கட்டினவளுக்கு ஒருமுறை காட்டத் தோன்றவில்லையா உனக்கு?

அன்றைக்கே கல்லூரிக்குப் போனேன். அதற்குள் உன் மெஷினில் இருந்ததையெல்லாம் அழித்து வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அது காலேஜ் சொத்துங்க. புது ஆளு வர்றாரு, பார்மேட் அடிக்கச் சொல்லிட்டாங்க.”

“செத்துப்போனவன் பொருள் ஏதும் இருக்கான்னு வீட்டுல ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“சாப்பாட்டு டப்பா இருந்துச்சு. கொடுத்துவிட்டோமே.”

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன். எந்தப் பயனும் இல்லை. கேம் ஓடிக்கொண்டிருந்த ஒரே மெஷின் போய்விட்டது. நீ எனக்கு அனுப்பிய நிரல் மட்டும் மிஞ்சியது. அதை எப்படிக் கம்பைல் செய்வது என்று ஒரு வரி எழுதி வைத்தாயா? இல்லை.

வீட்டில் உட்கார்ந்து தொடங்கினேன். என் லினக்ஸில் முதலில் நின்றது, திரையில் எழுத்தை வரைகிற நூலகத்தில், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பில். அதற்கு ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒரு பெயர், ஒரு இடம். நீ உன் மெஷினில் இருந்த பெயரை மட்டும் எழுதியிருந்தாய். அதைத் தாண்டினால், கேம் தன் கம்மாய் வரைபடங்களைத் தேடி உன் பெயரில் உள்ள போல்டருக்குப் போகிறது. உலகத்தில் எல்லார் மெஷினிலும் சேகர் என்று ஒரு போல்டர் இருக்கும் என்று நினைத்தாயா? அதையும் தாண்டினால், தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நிற்கிறது. விண்டோஸில் வேறு தகராறு, மேக்கில் வேறு.

கடைசியில் கான்பிகர் என்று ஒரு பைல் எழுதினேன். கம்பைல் தொடங்குமுன் அது அந்த மெஷினையே கேட்கும். உன்னிடம் எந்த நூலகம் இருக்கிறது, எங்கே இருக்கிறது, வரைபடங்களை எங்கே வைக்கட்டும், தமிழ் தெரியுமா? பதிலுக்குத் தகுந்தபடி மற்றதை அமைத்துக்கொள்ளும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இதற்கென்று சில ஞாயிற்றுக்கிழமைகள் உனக்குக் கிடைக்கவில்லையா?

மூன்று சிஸ்டத்திலும் ஓடிய பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செல்வராணியிடம் போனேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “நீங்க கொண்டு போயிருவீங்கள்ல. என் போன்ல வையுங்கண்ணே. நான் பாட்டுக்கு வெளையாடிப் பாக்குறேன்.”

போனில் கட்டளைகளை எழுதி ஓட்டுகிற டெர்மினல் செயலி ஒன்றைப் போட்டுக் கான்பிகரை ஓட்டினேன். அங்கே வழக்கமான இடத்தில் ஒன்றுமே இல்லை. கேட்க வேண்டிய கேள்விகளை மாற்றி எழுதினேன். ஒருவழியாகக் கம்பைல் ஆகி ஓடியது. உடனே நீ எழுதி வைத்த செய்தி வந்தது: ‘திரை பத்தாது. பெரிய திரையோடு வா.’

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். செல்வராணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “என்னண்ணே?”

“ஒன் வீட்டுக்காரன் திமிராப் பதில் சொல்றான்மா.”

“அவுக அப்புடித்தான்” என்றாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போனைப் படுக்க வைத்து எழுத்தைச் சிறிதாக்கினேன். கம்மாய் வந்தது. அவள் வாங்கி விளையாடினாள். மழை கொட்டியது. எந்த மடையைத் திறப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். கரை உடைந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “ஆனா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்ன அன்னைக்கும் இதுக்குத்தானே போயி ஒக்காந்தாக?”

நீயே சொல், அவளுக்கு என்ன பதில்?

அடுத்த வாரம் போன் செய்தாள். குரலே சரியில்லை. என்னவோ ஏதோ என்று பதறினேன். “அண்ணே, மூணாவது மடையத் தொறந்தா மூடவே மாட்டேங்குது. தண்ணியெல்லாம் போயிருது. எழுதுனவருக்கு இதுகூடத் தெரியாதா?”

உயிரோடு இருக்கிற புருஷனோடு சண்டை போடுகிற குரல் அது. நிரலைத் திறந்து அந்த இடத்தைத் தேடினேன். மூன்றாவது மடையை மூடுகிற வரியே இல்லை. அந்த இடத்தில் உன் குறிப்பு: ‘அப்புறம் பாத்துக்கலாம்.’

அப்படியானால் உன் மெஷினிலும் அது மூடியிருக்காது. தெரிந்தே விட்டிருக்கிறாய். உடம்பையும் அப்படித்தான் விட்டாய். நீ எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன் மாப்ள. சத்தியமாக அறைந்திருப்பேன். அதன் பிறகு கட்டிப்பிடித்திருப்பேனா என்று கேட்காதே.

உன் குறிப்பை அழித்துவிட்டு அங்கே மடையை மூடுகிற வரிகளை எழுதினேன். செல்வராணி போட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப மூடுதுண்ணே” என்றாள். வேறென்ன சரியில்லை என்று அவளே வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். உன் கேமை என்னைவிட அதிகமாகத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். கம்மாயைப் பொதுவில் வைக்கப்போகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவன் என்று உன் பெயர் இருக்கும். சோதித்துப் பார்த்தவள் என்று செல்வராணியின் பெயர் அதன் பக்கத்திலேயே இருக்கும். அவள் போனில் ஓடாத எதையும் வெளியே விட மாட்டேன். கோபத்தை மட்டும் விடச் சொல்லாதே. நான் இருக்கிற வரை அது உனக்குத்தான்.

திட்டித் தீராத உன் மாமன்,
காதர்
ஜெகதாப்பட்டினம்