நீல பல்பு எரிந்தபோது

என் பொய்ப் புருஷனுக்கு,

நீ திஹுவானா ஊருக்குப் போனபின் மூடிக்கிடந்த, மெக்சிகோ நகரத்து நம் சோனா ரோசா பாரை நேற்று மறுபடியும் திறந்துவிட்டார்கள். வேடிக்கைக்காக அந்த நீல பல்பையும் மாட்டியிருந்தார்கள். போலீஸ் வந்தால் எரியுமே, உடனே ஆணும் பெண்ணுமாக ஜோடி மாறி ஆடுவோமே, அதேதான்.

நான் என் எவுலாலியாவோடு ஆடிக்கொண்டிருந்தபோது சட்டென்று எரிந்தது. என் கை தானாகவே அவளை விட்டுவிட்டு உன்னைத் தேடியது. நம் வயசுக்காரர்கள் எல்லோருமே ஜோடி மாறப் பாய்ந்தார்கள். இளசுகள் விழுந்து விழுந்து சிரித்தன.

எவுலாலியா என் இடுப்பை விடவில்லை. "எங்கடி ஓடுற? போலீஸ்காரனே அங்க அவன் புருஷனோட ஆடிக்கிட்டிருக்கான், பாரு!"

பார்த்தேன். போலீஸ் தொப்பி அவன் புருஷன் தலையில் இருந்தது.

அன்றைக்கு நிஜமாகவே போலீஸ் வந்தபோது, பல்பு எரிந்தும் உன் ரமீரோவின் கையை விடாதவன் நீ ஒருவன்தான். நான் இழுத்தும் வரவில்லை. போலீஸ் வண்டியில் ஏற்றும்போதும் விடவில்லை. பைத்தியக்காரன் என்று திட்டினேன்.

நேற்று கொஞ்ச நேரம் கழித்துப் பல்பு மறுபடியும் எரிந்தது. பார் முழுக்க ஒருவர்கூடக் கையை விடவில்லை, நான் உட்பட.

ரமீரோவையும் கூட்டிக்கொண்டு வாடா. எல்லோரும் உன்னைப் போலத்தான் ஆடுகிறோம்.

இப்படிக்கு,
பல்பு எரிந்தால் மட்டும் உன் பெண்டாட்டியாக இருந்தவள்