பையின் அடியில் ஒரு புடவை

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருந்த அந்தப் புடவையை எடுத்தேன். சாம்பல் நிறக் கைத்தறி, மெல்லிய நீலக் கரை. ஒன்பது வருடமாகப் பழைய தலையணை உறைக்குள் கிடக்கிறது. துவைத்து வைத்ததுதான். ஆனாலும் முகர்ந்தால் அந்த நாளின் வாசனை அடிக்கிறது. எனக்கு மட்டும்தான் அடிக்கும்.

காசிக்குப் போகிறோம். நான், அவர், திண்டிவனத்தில் இருக்கும் அவருடைய அக்கா. நாத்தனார் வீட்டுக்காரர் போன தையில் தவறிவிட்டார். அவருக்குக் கங்கைக்கரையில் பிண்டம் வைக்க வேண்டும். பள்ளியில் எனக்குக் காலாண்டு விடுமுறை விட்டதும் சென்னையிலிருந்து விமானம். இந்த டிக்கெட்டில் பெரிய பெட்டி கிடையாதாம். ஆளுக்கு ஒரு கைப்பை, ஏழு கிலோ.

“மூணு பையையும் நீயே அடுக்கிடு வேணி. அக்காவுக்கு முட்டி வலி, குனிய முடியாது” என்றார்.

சரி என்றேன். உடனே சரி என்றதில் அவருக்கே ஆச்சரியம்.

செப்டம்பர் 15

நாத்தனாரின் பை. என் கையால். அடியில் அந்தப் புடவை போகும்.

செப்டம்பர் 18, வியாழன்

எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது.

நாத்தனாரின் மகள் ஆர்த்திக்கு மஞ்சள் நீராட்டு, திண்டிவனத்தில் ஒரு மண்டபம். தாய்மாமன் சீர் எங்களுடையது. மாமன் பெண்டாட்டி தட்டு ஏந்தி முன்னால் வர வேண்டும். என் போனை அவரிடம் கொடுத்துவிட்டுத் தட்டைப் பிடித்தேன். சீர் முடிந்தது, பந்தி முடிந்தது, இலை எடுத்தார்கள். அப்போதுதான் வந்து, உன் அம்மாவுக்கு முடியவில்லையாம், காணைக்குக் கிளம்பு என்றார். வாசலில் ஆட்டோ நின்றது. ஆட்டோக்காரர் பின் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டில் எனக்கென்று கட்டிய ஒரு பை.

காணையில் இறங்கியபோது அம்மா வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலெல்லாம் ஈரம். தம்பி பூவரசன் மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “வழியில வந்துக்கினு இருக்கோம், நீங்க எடுத்துடுங்கன்னு மாமா சொன்னாரேக்கா” என்றான். அம்மா காலையிலேயே போய்விட்டிருந்தாள்.

அந்த ஈரத்தில் பட்டுப் புடவையோடு நின்றேன். மாற்றிக்கொள்ளப் பையைத் திறந்தால் இந்தப் பழைய புடவை. ஒரு ரவிக்கை, ஒரு துண்டு. சாவு வீட்டுக்கு எடுத்துப் போகிற துணி. எல்லாவற்றையும் பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்தது. துணியை மடிக்காமல் சுருட்டுகிறவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்திதான். நாத்தனார் தையல்நாயகி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தீட்டு என்றால் மாமன் சீர் நின்றுபோகும் என்று, தெரிந்துகொண்டே என் கையில் தட்டு ஏற்றிவிட்டிருக்கிறாள்.

“அக்காதான் சொல்ல வேணாம்னுச்சி. நான் என்னா பண்றது?” — இது அவர் அன்றைக்குச் சொன்னது.

அதிலிருந்து அவளைப் பார்த்தால் சிரிப்பேன், காபி கொடுப்பேன், பண்டிகைக்குப் போய் வருவேன். பல் வலிக்கும் அளவுக்குச் சிரித்திருக்கிறேன்.

இப்போது அவள் முறை. கங்கையில் முழுகிவிட்டு ஈரத்தோடு மேலே ஏறுவாள். மாற்றுத் துணிக்குப் பையைத் திறப்பாள். கை அடிவரை போகும். அந்த முகத்தை நான் படிக்கட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

காசிக்குப் போனால் பிடித்த காயோ பழமோ ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். பிறகு அதைத் தொடக்கூடாது. “நான் பாவக்காய விட்டுடுறேன்” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் பாகற்காயைத் தொட்டதில்லை.

“நீ என்னாத்த விடப்போற?”

யோசிக்கணும் என்றேன்.

அவர் பைக்குத் துணி எடுத்து வைத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் தன் பைக்குள் கை விட்டதே இல்லை. போன இடத்தில் ‘வேணி, துண்டு’ என்பார், துண்டு வரும். வீடு திரும்பினால் பையை ஹாலில் வைத்துவிட்டு டிவி போடுவார். அது தானாகக் காலியாகிவிடும் என்று நினைக்கிறார் போல.

செப்டம்பர் 21, ஞாயிறு

திண்டிவனம் போய் வந்தேன். கைப்பையில் புடவையோடு.

கட்டில் நிறையச் சாமான் பரப்பி வைத்திருந்தாள். மல்லாட்டை உருண்டை ஒரு டப்பா, கேப்பை மாவு, வெந்நீர்ப் பை, சொந்தத் தலையணை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். அதிலேயே எனக்கு ஒரு சுகம் இருந்தது.

“தலவாணி கூடவா வேணாம்? நான் என்னா சாமியாராடி, ஒரு பையில அடங்கிப் போவ?” என்றாள்.

“ஏழு கிலோதான் அண்ணி.”

“என் முட்டியே ஏழு கிலோ இருக்கும். அதக் கழட்டி வெச்சிட்டு வரட்டா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரம். அவள் டீ போட எழுந்து போனதும் புடவையை அவள் பாணியிலேயே சுருட்டி அடியில் வைத்து, மேலே மற்றதை அடுக்கினேன்.

டீயோடு வந்து உட்கார்ந்தாள். ஆனால் குடிக்கவில்லை.

“காசிக்குப் போறவங்க மனசுல எதையும் வெச்சிக்கினு போவக் கூடாதும்பாங்க. உங்கிட்ட ஒன்னு சொல்லணும்டி. உங்கம்மா போன அன்னிக்குக் காலையில போன் வந்ததும் எந்தம்பி எங்கிட்டதான் ஓடியாந்தான். சீர் நின்னா நின்னுட்டுப் போவுது, மொதல்ல அவள அனுப்புடான்னேன். ஜல்தியா என் பொடவய வெச்சி பையக் கட்டி, ஆட்டோவ வரவெச்சது நான்தான். அவன் கேக்கல. மாமன் தட்டு வரலன்னா பங்காளிங்க சிரிப்பானுங்க, நீ வாயத் தொறந்தா இப்பவே கெளம்பிப் போயிடுவேன்னான். எம்பொண்ணு மணையில உக்காந்துக்கினு இருந்தா. வாய மூடிக்கினேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு.”

ஆட்டோ காலையிலிருந்து வாசலிலேயே நின்றிருக்கிறது. அதனால்தான் அந்த ஆள் தூங்கினார்.

“நீங்கதான் சொல்ல வேணாம்னீங்கன்னு சொன்னாரு” என்றேன்.

“அப்படியா சொன்னான்?” என்றாள். ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தாள்.

நான் பையைக் கவிழ்த்து, அவள் எதிரிலேயே புடவையை வெளியே எடுத்தேன். பார்த்தவுடன் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது எப்படித் தன் பைக்குள் வந்தது என்று அண்ணி கேட்கவில்லை.

செப்டம்பர் 22

கோபம் வீணாகாது. ஆள்தான் மாறுகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாகத்தான் கேட்டேன்: அம்மா செத்த அன்னைக்கு என்கிட்ட சொல்ல வேணாம்னது யாரு?

நிமிரவே இல்லை. “அக்காதான். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? ஷேவிங் செட்டு வெச்சியா?”

நான்தான், தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். எங்கம்மா மொகத்த நான் பாக்கல. நாலு பங்காளி சிரிக்கக் கூடாதுன்னு எங்கம்மா மொகத்த எனக்குக் காட்டல இந்த ஆளு. பழிய அக்கா தலையில போட்டுட்டு, இத்தன வருசம் நான் போட்ட சோத்தத் தின்னுக்கினு — ஷேவிங் செட்டு வேணுமாம்.

வைத்துவிட்டேன் என்றேன்.

செப்டம்பர் 27, சனி

பைகள் தயார். காலையில் புறப்பாடு.

என் பைதான் இருப்பதில் லேசு. நாலு பருத்திப் புடவை, கண்ணாடி, பள்ளி அடையாள அட்டை. ‘காசியில எதுக்கு ஸ்கூல் கார்டு?’ என்று அவர் கேட்டிருக்கலாம். பைக்குள் பார்த்தால்தானே கேட்பதற்கு.

அவர் பையில் வேட்டி, சட்டை, துண்டு, ஷேவிங் செட். அடியில் அந்தப் புடவை, பாய் மாதிரி சுருட்டியது. காசியில் கேட்பதையெல்லாம் நானே எடுத்துக் கொடுப்பேன். அவர் கை உள்ளே போகாது.

திரும்பும்போது எழும்பூரிலிருந்து ரயில். முதலில் திண்டிவனம் வரும், பிறகுதான் எங்கள் ஊர் விழுப்புரம். அண்ணியின் பையை இறக்கிக் கொடுக்கிற சாக்கில் என் பையோடு நானும் இறங்குவேன். திரும்ப ஏற மாட்டேன். அங்கிருந்து பள்ளிக்குப் பஸ்ஸில் போய்விடலாம். ஹாஸ்டலில் இருக்கும் மகனிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அண்ணியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கதவைத் திறப்பாள்.

அவர் விழுப்புரத்தில் தனியாக இறங்குவார். பையை ஹாலில் வைத்துவிட்டு டிவி போடுவார். பை காலியாகாது. மறுநாளும் ஆகாது. என்றைக்காவது துண்டு தேடி அவரே திறப்பார். கை அடிவரை போகும்.

சற்றுமுன் மறுபடி கேட்டார். “கடைசியா சொல்லு, காசியில என்னாத்த விடப்போற?”

“இன்னும் முடிவு பண்ணல” என்று அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.