ஏழு இடத்தில் சுக்கானி

இன்று காலை தெற்குவாசல் வழியாக வந்தபோது ரோட்டுக்குத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. உங்கள் வாப்பா இருந்த காலத்தில் எங்கே தார் காய்ச்சினாலும் அங்கே போய் நின்றுகொள்வார். நீங்கள் தேடிப் பிடித்துக் கையைப் பற்றி அழைத்து வருவீர்கள். "கப்பல் வாசம் அடிக்குதாம் பண்டிதரே, விட்டுட்டு வர மனசில்லையாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். இன்று நிற்பதற்கு அவர் இல்லை, தேடி வர நீங்களும் இல்லை. நீங்கள் போய் இந்தத் தையோடு இரண்டு வருஷம் ஆகிறது. நேரில் சொல்லத் துணியாததை இனியாவது எழுதிவிடுகிறேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் பூகோளம், நான் தமிழ். மூன்றாம் வகுப்புக்கு வாசகப் புத்தகம் எழுதித் தரும்படி அச்சுக்கூடத்தார் கேட்டபோது, கப்பலைப் பற்றிய பாடத்தை நீங்கள் எழுதுவதென்றும், நடையை நான் திருத்துவதென்றும் பேசிக்கொண்டோம். நீங்கள் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. வாப்பாவை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். நாகப்பட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் இடையே முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவர் அவர். கப்பலின் பின்புறம் தண்ணீருக்குள் இருந்து அதைத் திருப்புகிற பலகை சுக்கான் என்றும், மேலே அதன் சக்கரத்தைப் பிடிக்கிற ஆள் சுக்கானி என்றும் எனக்கு விளக்கினீர்கள். அரபிக்காரர்களின் கப்பலோடு வந்த சொல், நம் கரையில் தங்கி நம் சொல்லாகிவிட்டது, பிறகு வெள்ளைக்காரன் காதில் விழுந்து அவன் பேரேட்டில் 'சீக்கன்னி' என்று ஏறிவிட்டது என்றீர்கள். கப்பல் கம்பெனி வாப்பாவுக்குக் கொடுத்த பழைய சீட்டைக்கூட விரித்துக் காட்டினீர்கள்.

"ஒத்தச் சொல்லு எம்புட்டுத் தூரம் போயிருக்கு பாருங்க பண்டிதரே!"

எனக்கு அந்தத் தூரம் தெரியவில்லை. அரபிக்காரர் என்ற பேச்சு மட்டும் காதில் நின்றது. அந்த நாளில் தனித்தமிழ்ப் பித்து எனக்குத் தலைக்கேறியிருந்தது உங்களுக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால்கூட இலையில் விழுவது வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று பார்க்கிற ஆசாமி. சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுக்கான், 'திருப்புபலகை' ஆயிற்று. சுக்கானி வந்த ஏழு இடத்திலும் அடித்துவிட்டு 'மாலுமி' என்று போட்டேன். வண்டியூர்த் தெப்பத்தைத் தவிர மிதக்கிற எதையும் கண்ணால் காணாதவன், கப்பல் பாடத்தைத் திருத்திவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டேன்.

நீங்கள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "மாலுமி மட்டும் நல்ல தமிழா பண்டிதரே?" என்று கேட்டீர்கள். "அதிலென்ன சந்தேகம்?" என்றேன், சற்று அதட்டலாகவே. "சரி, ஒங்க இஷ்டம்" என்று லேசாகச் சிரித்தீர்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புத்தகம் அச்சாகி வந்த அன்று சாயங்காலமே என்னை வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். வாப்பா வெளுத்த சட்டை போட்டு, தொப்பி வைத்து, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிப்போயிருந்ததால் நீங்கள் வாசித்தீர்கள். முதல் பத்தி முடியும்வரை அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலை நின்றுவிட்டது.

"திருப்புபலகையா? அது என்னத்த?"

"சுக்கானத்தான் அப்படிப் போட்டுருக்கு வாப்பா."

மேலே வாசித்தீர்கள். புயலில் மாலுமி சக்கரத்தை விடாமல் பிடித்த இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"மாலுமி எங்க சக்கரம் புடிச்சாரு? அவரு பெரிய உத்தியோகம். பக்கத்துல நின்னு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு சொல்லுவாரு. தோள் கழண்டு போறாப்புல புடிக்கிறது நாங்கள்ல?" பிறகு, "எங்க வேலையப் பத்தி எழுதியிருக்கேன்னு சொன்னியே, அது எந்தப் பக்கம்?" என்றார்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "அச்சுல தப்பா விழுந்துருச்சு வாப்பா" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். திருத்தியது நான் என்று சொல்ல ஒரு நொடி போதும், வாய் வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "அடுத்த அச்சுல மாத்திருங்க தம்பி. பேரப் பிள்ளைக படிக்கும்போது நாம என்ன வேலை பாத்தோம்னு தெரியணும்ல" என்றார். "ஆகட்டுங்கய்யா" என்றேன்.

அடுத்த அச்சு வந்தது. திருத்தம் உண்டா என்று கேட்டு அச்சுக்கூடத்தார் ஒரு பிரதியை என்னிடம் அனுப்பினார்கள். பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நானே அடித்த சொல்லை நானே திரும்ப எழுதினால் பண்டிதன் என்ற பெயர் என்னாவது? 'திருத்தம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மறதி என்று இன்றுவரை எனக்கே நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். மறதி இல்லை. வீம்பு.

நீங்கள் காய்ச்சலில் போன பிறகு ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க வந்தவரை உங்கள் சின்ன மகள் "முஅல்லிம் வந்துட்டாக" என்று கூவி அழைத்தாள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவரிடமே கேட்டேன்.

"அரபுல வாத்தியார்னு அர்த்தம். கப்பல்ல வழி தெரிஞ்சவருக்கும் அந்தப் பேருதான். அதத்தான் நம்மாளுக மாலுமி ஆக்கிட்டாக" என்றார் சாதாரணமாக.

 ஒரு அரபிச் சொல்லை விரட்டிவிட்டு இன்னொரு அரபிச் சொல்லை நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து அந்த மொழியை ஓதிய உங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே என் கொட்டம் அடங்கியிருக்கும். என்னைத் தலைகுனியவைக்க உங்களுக்கு மனசு வரவில்லை. அந்தத் தயவுக்கு நான் செய்த கைம்மாறை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அதற்கு முன்னால், நீங்கள் இருக்கும்போதே வாப்பா படுக்கையில் விழுந்த கடைசி வாரத்துக்கு வருகிறேன். பார்வை அறவே போய்விட்டது. என் குரல் கேட்டதும், "மாத்தியாச்சா தம்பி?" என்று கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்தியாச்சுங்கய்யா" என்றேன். சாகக் கிடக்கிற மனிதரிடம் பொய் சொன்னேன். அவர் உங்களிடம், "வாசி, கேப்போம்" என்றார்.

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தீர்கள். இரண்டாம் அச்சு. ஒரு எழுத்தும் மாறவில்லை என்பது என்னைப்போலவே உங்களுக்கும் தெரியும். வாசிக்கத் தொடங்கினீர்கள். மாலுமி என்றிருந்த இடத்தில் சுக்கானி என்றீர்கள். திருப்புபலகை என்றிருந்த இடத்தில் சுக்கான் என்றீர்கள். ஏழு இடத்திலும், ஒன்றில்கூட நாக்குத் தடுமாறாமல், அச்சில் இருப்பதையே வாசிக்கிற மாதிரி வாசித்தீர்கள். வாப்பாவின் இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார். நீங்கள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, எனக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனீர்கள். அதைப் பற்றி என்னிடம் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

வருஷா வருஷம் அந்தப் பாடம் வருகிறது. இப்போதெல்லாம் நான் உங்களைப்போல வாசிக்கப் பார்க்கிறேன். மூன்றாவது சுக்கானியிலேயே நாக்குத் தடுமாறிவிடுகிறது. போன வாரம் ஒரு பிள்ளை எழுந்து, "ஐயா, புத்தகத்துல மாலுமின்னுல இருக்கு" என்றான்.

"புத்தகம் தப்பு" என்றேன்.

"யாருங்கய்யா தப்பா எழுதுனது?"

"நான்தான்" என்றேன். ஒன்றும் அறியாத முப்பது பிள்ளைகளிடம் சட்டென்று சொல்லிவிட்டேன். உங்கள் இருவரிடமும்தான் சொல்லவில்லை.