காத்தாயி பேரில் ஒன்பது சிலிண்டர்

14 ஆகஸ்ட் 2025, வியாழன்

கோட்டைப்பட்டினத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி. துபாய்க்குப் போகிறவர் ஒருவர், வழியனுப்ப ஐந்து பேர். மணமேல்குடி தாண்டும்வரை அழுகை, அறந்தாங்கியில் இறங்கிப் பரோட்டா. திரும்பும்போது திருச்சி பங்கில் கேஸ் அடித்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.

என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! பெட்ரோலில் ஓடிய ஆம்னிக்கு பிப்ரவரியில் கேஸ் கிட் மாட்டினேன். நல்ல கிட், முத்திரை வைத்த டாங்க், ஆர்.சி.யில் பதிவு, எல்லாம் முறைப்படி. மாட்டிக்கொண்டு வீடு வந்த பிறகுதான் உறைத்தது, கேஸ் பங்க் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று. "மாட்ட இங்கிட்டுக் கட்டிப்புட்டுப் புல்லுக்குத் திருச்சி போற ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றாள் என் மனைவி அருணா. தெருவே சிரித்தது.

அப்புறம் அறந்தாங்கி மெக்கானிக் கோபிநாத் வழி சொன்னான். "வீட்டு சிலிண்டர்ல இருந்து ஏத்திக்கங்கண்ணே. யாரு கேக்கப்போறா?" குழாயும் அவனே செய்து கொடுத்தான். சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. இரண்டும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன்.

சொந்த வீட்டு சிலிண்டரில் கை வைத்தால் அருணா விடுவாளா? அடுத்த வீட்டுக் காத்தாயி அக்காவிடம் போய் நின்றேன். புருஷன் கருப்பன் போய் எட்டு வருஷம், ஒரே மகள் செவந்தி கட்டிக்கொடுத்த ஊரில். அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச கேஸ் அடுப்பு, போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மூலையில் கிடக்கிறது. "அது சீறுறப்ப ஈரக்கொல நடுங்குது தம்பி" என்று கருவேல முள்ளைத்தான் இன்றைக்கும் எரிக்கிறது. நான் கேட்டதும் கேஸ் புக்கை எடுத்துக் கொடுத்துவிட்டது. "மூணு வேணா எடுத்துக்க. செவந்தி மாசமா இருக்கா, பெரசவத்துக்கு இங்கிட்டு வந்தா எனக்கு வேண்டியிருக்கும்."

மூணுதானக்கா என்றேன். புக்கில் என் செல் நம்பரைக் கொடுத்துவிட்டேன். புக்கிங் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் எனக்கே வரும். இதுவரை எத்தனை எடுத்திருக்கிறேன்? இதில் எழுத வேண்டாம்.

16 ஆகஸ்ட்

குடோனில் இன்னொன்று எடுத்தேன். ரசீதில் காத்தாயி என்று இருந்தது. மேலே படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

2 செப்டம்பர், செவ்வாய்

செவந்தி வந்துவிட்டாள். நான்தான் மணமேல்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தேன். ஒன்பதாம் மாதம், மூச்சு வாங்குகிறது. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. பெரிய டாக்டர் புகையே ஆகாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

அக்கா பிளாஸ்டிக் உறையைப் பிரித்து அடுப்பைத் துடைத்து வைத்திருந்தது. பயத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டது போல. "தம்பி, எனக்கு இப்ப ஒண்ணு போட்டு விடுறியா?" என்று கேட்டது. புக்கு யாருடையது? அக்கா என்னிடம் கெஞ்சுகிற மாதிரிக் கேட்கிறது! நாளைக்கே போடுறேன்க்கா என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

4 செப்டம்பர்

புக் ஆகவில்லை. "பயன்பாடு அதிகம். விநியோகஸ்தரை அணுகவும்." இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், அதே மெசேஜ்தான். அக்காவிடம் சர்வர் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். நாக்கு கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

8 செப்டம்பர், திங்கள்

எப்படி எழுதுவேன் இதை.

அக்கா நேரில் வந்தால்தான் ஆகும் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். என் வண்டியிலேயே கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வரிசைக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஏழு மாசத்துல ஒம்பது சிலிண்டரா? வீட்டுல எத்தன பேரு?"

"நா ஒருத்திதான்."

"ஒத்த ஆளு ஒம்பதா? ஊருக்கே சோறு பொங்குறியா? இல்ல விக்கிறியா?"

ஒம்பது என்றதும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தது. ஒரு தரம்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கணக்குத் தப்பாகிவிட்டதோ, திருத்திச் சொல்வான் இவன் என்று காத்திருக்கிற பார்வை அது.

நான் சொல்லவில்லை. வாய் ஓயாத ஆனந்தராஜ், டீக்கடையில் மந்திரிக்கே யோசனை சொல்கிற ஆனந்தராஜ், சுவரில் இருந்த தீயணைப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கவுண்டர் பக்கம் திரும்பியது. "நாந்தாம்மா பொங்குனேன். விக்கலாம் இல்ல. எனக்குச் சிக்கனம் தெரியல."

வரிசையில் சிரித்தார்கள். நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். "விசாரணை முடியிற வரைக்கும் கனெக்ஷன் நிப்பாட்டியாச்சு, கையெழுத்துப் போடு" என்றாள் அந்தப் பெண். அக்கா கைநாட்டு வைத்தது. விரலில் ஒட்டிய மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டது.

ஆம்னியில் டாங்க் பின்சீட்டுக்கு அடியில். அதன் மேல்தான் அக்கா உட்கார்ந்து வந்தது. அக்கா பேரில் எடுத்த கேஸில்தான் வண்டி ஓடியது. பாதி வழியில் ஒன்றே ஒன்று கேட்டது: "மூணுன்னு சொன்னியே தம்பி?"

கியரை மாற்றினேன். மாற்ற வேண்டிய இடம்கூட இல்லை அது.

9 செப்டம்பர்

இரண்டு சவாரி. பெட்ரோலில் ஓட்டினேன். இதனால் யாருக்கு என்ன?

21 செப்டம்பர், ஞாயிறு

அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் செவந்திக்குப் பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ. காலையில் வலி எடுத்ததும் அக்கா என் வாசலுக்குத்தான் ஓடி வந்தது. வேறு வண்டி தெருவில் இல்லை, அதனால்தான். வாடகை வாங்கமாட்டேன் என்றேன். "வாங்கிக்க" என்று சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டது. தம்பி என்று கூப்பிடவில்லை.

3 அக்டோபர், வெள்ளி

பிள்ளையோடு வீடு வந்து ஒரு வாரம் ஆகிறது. அக்கா வாசலில் மூன்று கல் வைத்து முள்ளு எரிக்கிறது. காற்று அடித்தால் புகை உள்ளேதான் போகிறது. செவந்தி கதவைச் சாத்தினால் பிள்ளைக்குப் புழுக்கம், திறந்தால் புகை. இருமல் சத்தம் என் வீட்டுக்குள் கேட்கிறது. பெரிய இருமல் ஒன்று, சின்னது ஒன்று.

எங்கள் வீட்டில் மாற்றுக்கு இருந்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். நல்லவன் வேஷம். அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"நிப்பாட்டுன புக்கு என்னோடது. இப்ப என் வீட்டுல சிலிண்டர் இருந்தா என்னங்குவாய்ங்க? விக்கிற சிறுக்கி திருடியும் வச்சிருக்காண்டுவாய்ங்க. தூக்கிட்டுப் போ."

தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். காத்தாயி கேஸ் வித்து மகளுக்கு வளைகாப்புச் செலவு பண்ணிட்டா என்று. அருணா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. எத்தன எடுத்தீங்க?"

"ஒம்பது."

அவள் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். திரும்பச் சிலிண்டரை உள்ளே வைக்கக்கூட உதவவில்லை.

5 அக்டோபர்

போய்ச் சொல்லிவிடலாம். போலீஸ், வண்டி பறிமுதல் என்று போனால்? ஆம்னி போனால் என்ன வேலை தெரியும் எனக்கு? நாளைக்குப் போகலாம்.

9 அக்டோபர்

நாளைக்கு.

18 அக்டோபர், சனி

தீபாவளிக்கு இரண்டு நாள். ஊரெல்லாம் வெடி. அக்கா பலகாரம் எதுவும் போடவில்லை, உலை வைத்ததோடு சரி. பதினொரு மணிக்குச் செவந்தி கத்தினாள். பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. நெஞ்சு உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. உதட்டோரம் நீலம்.

அறந்தாங்கிக்கு எவ்வளவு நேரத்தில் போனேன் என்று தெரியாது. யார் யாரையோ திட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்னால் அக்கா "ஏத்தா, கண்ணத் தொற, கண்ணத் தொறத்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப.

டாக்டர் பிளெஸ்ஸி சின்ன வயசுதான். ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார். பிள்ளை அழுத பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"வீட்டுல வெறகு அடுப்பா?"

"ஆமாம்மா."

"கேஸ் இல்லையா? இலவசமாவே குடுக்குறாங்களே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டது. "இருந்துச்சும்மா. நாந்தான் தீத்துப்புட்டேன்."

மறுபடியும்! நான் பக்கத்தில் நிற்கிறேன், குத்துக்கல்லாட்டம். டே ஆனந்தராஜு, நீ என்ன ஜென்மம்டா. ஒரு மாசக் குழந்தை மூச்சுக்குத் தவிக்குது, அப்பவும் ஒன் வாயி தெறக்கலயே. வண்டியாம் வண்டி. வண்டி போனா மம்பட்டி புடிக்க மாட்டியா? கை இல்லையா?

டாக்டர் மூன்று நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்றார். வீட்டில் இனிப் புகை கூடாது என்று எழுதியே கொடுத்தார்.

22 அக்டோபர், புதன்

ஏஜென்சி திறக்கும் முன்பே போய் நின்றேன்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "எதுக்குங்க வம்பு? அந்தம்மாதான் ஒத்துக்கிட்டு கைநாட்டு வச்சிருக்குல்ல. ரெண்டு மூணு மாசத்துல தானாத் தெறந்து விட்ருவாங்க. நீங்க பேசாமப் போங்க."

எவ்வளவு சுலபம். ஒரு நிமிஷம் எழுந்துகூட விட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன், நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அப்புறம் உட்கார்ந்து பேப்பர் கேட்டேன். "மணமேல்குடி வட்டத்தைச் சேர்ந்த ஆனந்தராஜ் ஆகிய நான், காத்தாயி க/பெ காலஞ்சென்ற கருப்பன் என்பவர் பேரில் வந்த ஒன்பது சிலிண்டர்களையும் எடுத்து எனது வாகனத்தில் பயன்படுத்தினேன். மூன்றுக்கு மேல் எடுத்தது மேற்படி காத்தாயிக்குத் தெரியாது." எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கவுண்டருக்குக் கொண்டுபோனேன். அதே பெண்தான். "அன்னைக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரித்தானே கேட்டீங்க. இதையும் அப்டியே படிங்க" என்றேன். "போங்கண்ணே, வேலையிருக்கு" என்றாள். நானே வரிசையைப் பார்த்து நின்று படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர், "சரிப்பா, நகரு, சிலிண்டர் எடுக்கணும்" என்றார்.

23 அக்டோபர், வியாழன்

அக்காவிடம் போய் எழுதிக் கொடுத்ததையும் வரிசை முன்னால் படித்ததையும் சொன்னேன். பிள்ளைக்குக் கால் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. நிமிரவில்லை.

"அன்னைக்கு நா உன்னையப் பாத்தேன்ல?"

"ஆமாக்கா."

"அப்பச் சொல்லியிருக்கணும். அம்புட்டுப் பேருக்கு முன்னால ஒனக்காக நா கேவலப்பட்டு நின்னேன். நீ எனக்குச் செஞ்சது ஒண்ணுமில்ல. ஒன் மனசு ஆற்றதுக்கு நேத்துப் போயிப் படிச்சிருக்க. போ."

போய்விட்டேன். அது சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

31 அக்டோபர்

அதிகாரி வந்து பார்த்தார். அக்கா கனெக்ஷனைத் திறந்துவிட்டார்கள். செல் நம்பரைச் செவந்தியுடையதாக மாற்றியாயிற்று. முதல் சிலிண்டர் அக்கா வாசலுக்கே வந்து இறங்கியது. அபராதம் எனக்கு, என் வீட்டுக் கனெக்ஷனும் நிறுத்தம். வண்டியை விட்டுவிட்டார்கள், எச்சரிக்கையோடு. கோபிநாத் கொடுத்த குழாயை அவர்கள் முன்னாலேயே வெட்டிப்போட்டேன்.

கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கலாமா என்றேன் அருணாவிடம். "ஒண்ணும் வேணாம். நானும் பொகையில வெந்து பாக்குறேன். நீங்களும் பாருங்க" என்றாள்.

17 நவம்பர், திங்கள்

நாலு நாளாக மழை. விறகு பூராவும் ஈரம். அருணா என்னோடு பேசுவதில்லை. ஊதுகுழலும் கையுமாக அடுப்பைத் திட்டுகிறாள், அதில் பாதி எனக்கு.

பத்து மணி இருக்கும். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காத்தாயி அக்கா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி ஓரமாக வந்து நின்றது. பிள்ளை தேறிவிட்டது, கன்னம் உப்பியிருக்கிறது. அக்கா என்னைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தது.

"ஏ அருணா! ஏன்டி அதுக்குள்ள கெடந்து சாகுற? அரிசியக் களஞ்சு எடுத்துக்கிட்டு இங்கிட்டு வா. என் அடுப்புல பொங்கிக்க."

அருணா வெளியே வந்து தயங்கினாள். நான் "அக்கா…" என்று ஆரம்பித்தேன்.

"ஒன்னைய யாரும் கூப்புடல."

அருணா பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே மூன்று பெண்களும் என்னவோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்தத் தெருவில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தது. ஆவி பறந்தது. தட்டைப் போட்டு உட்கார்ந்தேன், ஆனால் கை போகவில்லை. அருணா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க? இதுவும் அவுக கேஸுதான். தின்னுங்க."

தின்றேன்.