ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த நம்பர்

செஞ்சி
மார்கழி 2

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா மங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் நைனாவும், அண்ணன் வளவன், அண்ணி சுவாதி, பேரன் இனியன் எல்லோரும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமா என்று வழக்கமாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், பாப்பா நலமா? காரில் அவளைப் பெல்ட் போட்டு உட்காரவைக்கிற குழந்தை சீட்டைத் திருப்பிப் பார்த்தாயா? மூன்று வாரமாக இதையே கேட்கிறேன். போனில் கேட்டால் "பாக்கறம்மா, ஆபீஸ் கால் வருது" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை சுவாதி போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், கடைசி வரி வரைக்கும் படி.

நைனாவுக்கு சர்க்கரை பரவாயில்லை. கார்த்திகை மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருக்கிறது. கோட்டை பார்க்க வருகிற கூட்டம் அதிகமாகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க ரோட்டைத் தாண்டவே கால்மணி நேரம் ஆகிறது. நான் எழுத உட்காருவதைப் பார்த்துவிட்டு நைனா, "கொழந்த அவ்ளோ தூரத்துல கீது, திட்டி எழுதாத" என்றார். நீ பத்து வயதில் இங்க் பாட்டிலைக் கொட்டியபோதும் இதே வக்கீல்தான் வந்தார். இந்தத் தடவை அவர் பேச்சு எடுபடாது.

போன தை மாதம் நீ டல்லாஸிலிருந்து வந்தபோது, "ரெண்டு சீட் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினேன், ஒண்ணு பாப்பாவுக்கு, ஒண்ணு இனியனுக்கு" என்று அவனுடையதைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தாய். சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அண்ணன் செகண்ட்ஹேண்டில் எடுத்த காரை அமாவாசைக்கு மேல்மலையனூர் கொண்டுபோய்ப் பூஜை போட்டபோது, காருக்கு மாலை போட்டால் போதுமா, பிள்ளை உட்காரப்போவது இதில்தானே என்று நான்தான் அந்த சீட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். அப்போது அதன் பக்கவாட்டில் ஒரு படம் கண்ணில் பட்டது, ஒரு குழந்தையின் தலை அடிபடுவது போலவும் அதன் மேல் சிவப்புக் கோடு போட்டது போலவும். எச்சரிக்கைப் படம் என்று நீ சொன்னாய். எச்சரிக்கையோ என்னவோ, என் பேரன் உட்காருகிற இடத்தில் அந்தப் படம் இருக்கக்கூடாது என்று கோவில் கடையில் பெரிய அங்காளம்மன் ஸ்டிக்கர் வாங்கி அதன் மேல் ஒட்டினேன். பக்கத்தில் நம்பரும் தயாரித்த தேதியும் போட்ட வெள்ளை லேபிள் இருந்தது. அதுவும் சேர்ந்து மறைந்தது. நீயும் பக்கத்தில்தான் நின்றாய், சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாய்.

இப்போது உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஐப்பசியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனோம். வழியில் ஆடு குறுக்கே ஓடிவர, வளவன் பிரேக் போட்டான். வேகம் ஒன்றும் இல்லை, எங்களுக்கெல்லாம் உடம்பு ஒரு குலுக்கு குலுக்கியதோடு சரி. ஆனால் இனியனுடைய பெல்ட் பக்கிள் டக்கென்று கழன்றுவிட்டது. பிள்ளை சீட்டிலிருந்து எகிறிப்போய், முன் சீட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் பெட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டான். புருவத்துக்கு மேல் மூன்று தையல். வீடியோ காலில் அவன் குரங்குக் குல்லா போட்டிருந்ததைப் பார்த்து, இந்தப் புழுக்கத்தில் எதற்கு குல்லா என்று கேட்டுச் சிரித்தாயே, தையலை நீ பார்த்துவிடக்கூடாது என்று போட்டது அது. தூரத்தில் இருக்கிறவள், தெரிந்தால் தூங்கமாட்டாள் என்று நான்தான் எல்லோர் வாயையும் அடைத்தேன்.

அதோடு நின்றேனா? பக்கிளை மாட்டியவள் சுவாதி. கல்யாண மண்டபத்து ஆட்களுக்கு எதிரிலேயே, "பெத்த புள்ளைக்கு பெல்ட்டு கூட ஒழுங்கா மாட்டத் தெர்ல, நீயெல்லாம் இன்னா படிச்ச" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தும் நாலு நாள் விடவில்லை. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அழுததையும் நான் பார்க்கவில்லை. தான் மாட்டியது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் சொன்னால் ஏறாது என்றும் தெரியும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து நோட்டுத் திருத்திய பிறகு தினமும் போனில் அந்த சீட்டைப் பற்றியே தேடியிருக்கிறாள். கார்த்திகையில் ஒருநாள் என் முன்னால் போனை நீட்டினாள். அந்த மாடல் சீட்டை கம்பெனிக்காரனே ரீகால் செய்திருக்கிறான். பக்கிளில் கோளாறு, பூட்டியது போலச் சத்தம் கேட்கும், ஆனால் முழுசாகப் பூட்டாது, உபயோகிக்காதீர்கள், புதுப் பக்கிள் இலவசமாக அனுப்புகிறோம் என்று போட்டிருந்தது. எல்லா சீட்டும் இல்லை, குறிப்பிட்ட நம்பரும் தேதியும் உள்ளதுதான் என்றும் இருந்தது. நம்பரைப் பார்க்கலாம் என்று சீட்டைத் திருப்பினால், அம்மன் உட்கார்ந்திருக்கிறாள்.

சுவாதி சாமி படத்தில் கைவைக்கத் தயங்கினாள். நான்தான் தேங்காய் எண்ணெயைத் தடவி, மன்னித்துக்கொள் தாயே என்று சொல்லிச் சொல்லி, அம்மன் முகத்தை நகத்தால் சுரண்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. நம்பர் தெரிந்ததும் சுவாதி போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், நான் லேபிளில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்து கூட மாறவில்லை. "தப்பு என்னுதுதாம்மா" என்றேன். அவள் எழுந்துபோய் உலை வைத்தாள்.

முப்பத்தொரு வருஷம் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவள் நான். பேட்ச் நம்பர் படிக்காமல் ஒரு ஊசி போட்டதில்லை. ஒருமுறை காய்ச்சல் சிரப்பில் ஒரு பேட்ச் சரியில்லை, திரும்ப வாங்கு என்று உத்தரவு வந்தது. நாற்பத்தொரு வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். மழையில் இரண்டு நாள் நடந்து நாற்பது பாட்டிலை வாங்கிவிட்டேன். கடைசி வீட்டு நாகம்மாள், "அது எப்பவோ காலி ஆயிட்ச்சிம்மா" என்றாள். காலி பாட்டிலையாவது காட்டு என்று வாசலிலேயே உட்கார்ந்தேன். இருட்டுகிற நேரத்தில் அரிசிப் பானைக்குள்ளிருந்து முக்கால் பாட்டில் வந்தது. அன்று உனக்கும்தான் ஜுரம், தனியாக விட்டுவிட்டுப் போனாயே என்று பல வருஷம் சொல்லிக்காட்டினாய். அப்படிப்பட்ட நான் ஒரு லேபிளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து, ஒன்றும் அறியாத பெண்ணைத் திட்டினேன் என்றால் எனக்கு என் மேல் எவ்வளவு கோபம் இருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆனால் என் மேல் இருக்கிற கோபத்தைக் காட்டி நீ தப்பிக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது போனை மாப்பிள்ளை பீமாராவ் எடுத்தார். சீட் கம்பெனியிலிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று நான் கேட்டதும் பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டார். "ரெண்டு கவர் வந்துதுங்க அத்தை, செப்டம்பர்லயே. விளம்பரம்னு நெனச்சி மைக்ரோவேவ் மேல வச்சிட்டோம்." கேள் குழலி. சீட் வாங்கிய அன்று பெட்டிக்குள் இருந்த பதிவு அட்டை இரண்டிலும் உன் பெயரும் டல்லாஸ் முகவரியும் எழுதிக் கம்பெனிக்குப் போட்டது நீ. அதனால்தான் இரண்டு கவர். அதில் ஒன்று பாப்பாவுக்கு, இன்னொன்று இனியனுக்கு. செப்டம்பரில் நீ அதைப் பிரித்திருந்தால் ஐப்பசியில் அவன் நெற்றி கிழிந்திருக்காது. ஒரே மாதிரி இரண்டு கவர் ஒரே நாளில் வந்திருக்கிறதே என்றாவது தோன்ற வேண்டாமா? இது போதாதென்று, நான் திரும்பக் கேட்டபோது நீ சொன்னது என்ன? "அண்ணிக்கு எதுக்கெடுத்தாலும் டென்ஷன்மா. டேகேர் இங்க இருந்து ரெண்டு கிலோமீட்டர்தான்." ஆடு கிலோமீட்டர் பார்த்தா குறுக்கே வருகிறது? அந்த அண்ணி தேடியிருக்காவிட்டால் இன்றைக்கும் நம் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் அவளுக்கு ஒரு போன் போடு. என்னிடம் பேசுவது அப்புறம்.

இங்கே சீட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டோம். இனியன் தினமும் "என் சேரு எங்க" என்று கேட்கிறான். போன அமாவாசைக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றபடியே மலையனூர் போய்வந்தோம். இரண்டு சீட்டும் உன் பெயரில் இருப்பதால், பக்கிளை நீ கேட்டால்தான் தருவார்கள் என்று சுவாதி சொல்கிறாள். இரண்டுக்கும் சேர்த்துக் கேள். இனியனுடையதை, அங்கேயே வேலை பார்க்கிற ஆதிமூலம் வாத்தியார் மகன் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பு. அது வரைக்கும் பாப்பாவை அந்த சீட்டில் உட்காரவைக்காதே. வேறு சீட் வாங்கு, வாங்குகிற வரைக்கும் மாப்பிள்ளை லீவு போட்டு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொன்னேன் என்று சொல், கேட்பார்.

அங்காளம்மன் உங்கள் மூன்று பேரையும் ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றட்டும். நைனா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் உன்னை நினைக்காத நாள் இல்லை, அதுவும் உனக்குத் தெரியும்.

இதைப் படித்து முடித்ததும் பதில் எழுத உட்காராதே. செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போ. எங்கள் லேபிளில் இருந்த நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார். உன் சீட்டில் நான் எந்த ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. படிக்க ஒரு தடையும் இல்லை.

இப்படிக்கு
உன் மேல் கோபமாக இருக்கும் அம்மா,
பொ. மங்கை

நம்பர்: கே 2 – 70 – 4417