மூன்றாவது துண்டு

என் இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்த செல்லத் தம்பி ராசு,

நீ கண்மூடிய எட்டாம் நாள், உன் எட்டுச் செலவைக் கனடாவில் உன் பிள்ளைகள் செய்தார்கள். இங்கே நம் ஊர் கரம்பொன்னில் நானும் நண்டுக் கறியோடு உனக்குப் படைத்தேன். பேத்தி ஆரணி சாப்பிட வரவில்லை.

சின்ன வயதிலேயே கடை வேலைக்கென்று தெற்கே போய்ப் படிப்பை விட்ட நீ, எழுபது வயதில் அவளிடம் தொகையிடல் கணக்குப் படிக்க வந்தாய். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் என் பேத்தி கனடாவுக்கே போனில் பாடம் எடுக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"தாத்தா, விடையின்ர கடைசியில கூட்டுற மாறிலி எங்க? திரும்பவும் விட்டிட்டீங்கள்!"

"ஐயோ ரீச்சர், அடிக்காதேங்கோ!"

கடைசியாக அவள் தந்தது, கீழே மூன்று கோவைகள் பெருகி நின்ற பெரிய பின்னம். அப்படியே தொகையிட ஏலாதாம். மூன்று சின்னப் பின்னங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே தொகையிட்டுக் கூட்டவேண்டுமாம். நீ பிரித்தாய், இரண்டைச் செய்தும் விட்டாய். "மூண்டாவதை நாளைக்குக் காட்டுறன்" என்றாய். அந்த நாளை உனக்கு விடியவில்லையே.

உன் மகன் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினான். மூன்றாவது துண்டு செய்யாமலே கிடக்கிறது.

"நீ செய்தாலென்ன, பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது தாத்தான்ர துண்டு, அம்மம்மா. நான் தொடமாட்டன்." அழத் தொடங்கிவிட்டாள்.

பாடம் தொடங்கும்போதெல்லாம் "அக்கா, நீங்களும் வந்து இருங்கோவன்" என்று கூப்பிடுவாய். "எனக்கென்னத்துக்கு இந்த வயசில" என்று நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவேன். நீ பிறந்த வருடம், உன்னைப் பார்க்க ஆளில்லை என்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டினார்கள். அது உன் மனதில் கிடந்து உறுத்தியதா, ராசு? அதற்காகத்தான் கூப்பிட்டாயா? ஒரு நாளாவது வந்து இருந்திருக்கலாம். இனி யாரிடம் கேட்பேன்?

நேற்று ஆரணியிடம் சொன்னேன்: "எனக்குப் பின்னம் கூட்டத் தெரியும். மிச்சத்தை நீ சொல்லித் தா. அந்தத் துண்டை நான் செய்யிறன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கனகாலம் எடுக்கும், அம்மம்மா."

"எடுக்கட்டும். நான் எங்க ஓடப்போறன்?"

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். பிழை விட்டேன், ஏச்சும் வாங்கினேன். அந்த நேரம் நீயும் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்!

கண் மங்கினாலும், எத்தனை தரம் பிழை விட்டாலும், உன் மூன்றாவது துண்டை நானே செய்து முடிப்பேன், தம்பி.

உன் வகுப்பில் பிந்தி வந்து சேர்ந்த,
உன் அக்கா