நத்தைகள் போன வரிசை

மார்ச் 4
அண்ணன் படகோட்ட, ஏரியடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றில், நாலாயிரம் வருஷப் பழைய அடுக்கை இன்று பார்த்து முடித்தேன். அடியிலிருந்து மேலே வர வர, முதலில் வரி நத்தை காணாமல் போகிறது. அதற்கு மேலே மிளகளவு வெள்ளைச் சிப்பியும் போய்விடுகிறது. அப்புறம் செம்புழுக்களின் தலையோடுகள் மட்டும். அதற்கும் மேலே கருஞ்சேறு. உயிர் என்று ஒன்றுமில்லை. மூச்சு முட்டிச் செத்த ஏரி.

மார்ச் 11
இன்றைய ஏரியின் சேற்றைச் சலித்தேன். வரி நத்தை இல்லை. சிப்பி இல்லை. செம்புழு கொத்துக் கொத்தாய். மூன்று தடவை சலித்தேன். அதே வரிசை.

மார்ச் 12
துறைத் தலைவரிடம் காட்டினேன். "புழுவுக்கும் கருஞ்சேத்துக்கும் நடுவுல எவ்வளவு காலம்? மூணு வருஷமா, முப்பதா?"
தெரியாது. சேற்றில் அது ஒரு விரல் கனம்கூட இல்லை.
"அப்ப கட்டுரை வர்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. பீதியக் கிளப்பினா ஏரியில இறங்கவே விடமாட்டாங்க."

மார்ச் 30
அண்ணன் வந்திருந்தான். ஏரியில் பதினாறு மீன் கூண்டு வைத்திருக்கிறான். "செத்த நத்தைக்கு ஜாதகம் எழுதுறவளே, இன்னும் பத்து கூண்டு போடப் போறேன். ஏரி நல்லாத்தானே இருக்கு?"
அண்ணி என் முகத்தையே பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.
ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 2
நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 19
சொல்லவில்லை. கூண்டு இறக்கிவிட்டான்.

ஜூன் 8
நான்கு நாளாகக் காற்றே இல்லை. நேற்று மழை கொட்டி, மூச்சில்லாத அடித்தண்ணீர் மேலே வந்துவிட்டது. விடிந்தபோது ஏரி முழுக்க வெள்ளை வயிறுகள். இடுப்பளவு தண்ணீரில் அண்ணன் கையால் அள்ளிக்கொண்டிருந்தான் – ஒன்றாவது துடிக்காதா என்று.

ஜூன் 10
சொல்லிட்டேன். எல்லாத்தையும். கத்துவான்னு நினைச்சேன். "எப்பலேர்ந்து தெரியும்?"னான். மார்ச்லேர்ந்துன்னேன்.
"நான் கேட்டேனே..."
அவ்வளவுதான். அடிச்சிருந்தா தேவலை.

ஆகஸ்ட் 27
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். 'அண்மையில் ஏரியில் நேர்ந்தது ஆய்வின் முடிவுக்கு வலுவான சான்று' என்று எழுதியிருக்கிறார் மதிப்பிட்டவர். தலைவர் கை குலுக்கினார். நன்றிப் பத்தியில், சேறெடுக்கப் படகோட்டியவர் பெயரும் வேண்டுமாம். அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தாள். அவனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன்.
"லாரியில சாமான் ஏத்திக்கிட்டிருக்கார். பேர் போட வேணாமாம்."
"எங்க போறீங்க அண்ணி?"
வைத்துவிட்டாள்.
'படகோட்டியவருக்கு நன்றி' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.